இரண்டாவது சப்வூஃபர் என்பது வியாபாரிகள் கட்டிய கதையா?

பெரம்பூர் வாசகர், ஜூன் 8, 2024

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று, சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டு, பேஸ் எனும் ஆழ்ந்த ஒலிக்கு மட்டுமான பத்து அங்குல சப்வூஃபர் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். பாட்டுக் கேட்க மட்டும்தான், படம் பார்க்க அல்ல. கடைக்காரர் அதே மாடலில் இன்னொன்றும் போடுங்கள் என்று விடாமல் சொல்கிறார். ஒன்றுக்கே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். இரண்டாவது என்பதே வியாபாரிகள் கட்டிய கதை என்பது என் எண்ணம். மறுப்பவர் உண்டா?

ஜூன் 9, 2024, இரவு

நான் மறுக்கிறேன். கடைக்காரர் என்ன காரணம் சொன்னாரோ, அதற்காக இல்லை. வீடு அதிர வேண்டும் என்றால் பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டாரோடு வழக்குக்குத் தயாராகலாம். இரண்டாவது பெட்டிக்கு வேறு வேலை இருக்கிறது. அறையில் ஓரிடத்தில் பேஸ் குவிந்து, நான்கு அடி தள்ளி அடியோடு காணாமல் போகிறதே, அந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதுதான் அது.

என் அறையை வைத்தே சொல்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் கீழ்த்தள வீடு. கூடம் 14 அடி நீளம், 10 அடி அகலம். உயரமும் 10 அடிதான். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பும்போது சில அதிர்வெண்களில் அறையே சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். ஒலியின் வேகத்தை அந்த இடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் முதல் அதிர்வெண் கிடைக்கும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். ஆக, 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57. அகலமும் உயரமும் ஒன்றாக அமைந்ததால் 57 இரண்டு பங்காக வந்து சேர்கிறது. சதுரமாகக் கட்டினால் லட்சணம் என்று சொன்ன கொத்தனார் யாரோ.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டார் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு சுரம் வரும்போது என் கூடத்தின் முன்சுவரிலும் பின்சுவரிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. என் நாற்காலி நட்டநடுவில். அம்மாவின் கட்டில் பின்சுவரை ஒட்டி. நான் பேஸ் வரவில்லை என்று குமிழைத் திருகுவேன். அம்மா நெஞ்சை இடிக்கிறது, குறையடா என்பார். இப்படியே பல மாதம் ஓடியது. இருவர் சொன்னதும் உண்மை.

ஜூன் 10, 2024

"ஈக்வலைசரில் 41ஐ ஏற்றிவிட்டால் தீர்ந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தீராது. ஈக்வலைசர் அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி, ஆனால் கூடத்தின் நடுவில் அலை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஏற்ற ஏற்ற இரண்டு பக்கத்து அலையும் சேர்ந்து ஏறும், அழிவும் அதே அளவில் தொடரும். ஆம்ப்ளிஃபயர் சூடாகும், கட்டிலில் இருப்பவருக்கு இடி இரட்டிக்கும். மேட்டை ஈக்வலைசரால் வெட்டலாம், பள்ளத்தை அதனால் தூர்க்க முடியாது.

ஜூன் 16, 2024

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஆலோசனைகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை. பேஸ் அதிலே கொஞ்சம் வெளியே கசியும், பலகை வளைந்து கொஞ்சம் தின்றுவிடும். நமக்கோ செங்கல் சுவர், மேலே கான்கிரீட். கசிவதும் குறைவு, தின்பதும் குறைவு. அதே சப்வூஃபர் இங்கே உறுமுவதற்கும் அங்கே அடக்கமாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

எங்கள் வீட்டுக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய தளம். ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் பார்க்கலாம். அதுவும் கல்தான். பேஸைத் தின்பதில் கான்கிரீட்டைவிட மேல் என்று சொல்ல மாட்டேன். உத்தரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவிலிருந்து பொடி உதிர்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆம்ப்ளிஃபயரின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். அம்மா அதற்கும் என்னைத்தான் சொல்வார்.

ஜூன் 23, 2024

எங்கே வைப்பது என்று கேட்டவர்களுக்கு இது. கொஞ்சம் நீளும்.

ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் இதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். செவ்வக அறையில் எத்தனை சப்வூஃபர், எந்தெந்த இடம் என்று கணக்கிட்டதில், நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது மிகச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்றாக வந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு மட்டும் வைத்தாலும் அதற்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. அவர் தேடியது அதிக சத்தத்தை அல்ல. பல இருக்கைகளில் உட்காருபவர்களுக்கும் ஒரே பேஸ் கிடைக்க வேண்டும் என்பதே கேள்வி. நம் கேள்வியும் அதுதான்.

காரணம் எளிது. 41 ஹெர்ட்ஸில் முன்சுவரில் அழுத்தம் ஏறும்போது பின்சுவரில் இறங்கும். இரண்டு சுவரிலும் ஒவ்வொரு பெட்டி நின்று ஒரே நேரத்தில் ஒரே திசையில் தள்ளினால், ஒன்று அந்த அதிர்வை ஊட்டும், மற்றது அடக்கும். அறை பாட முடியாமல் போகிறது. மேலும் இரண்டும் அகலத்தின் நடுவில் இருப்பதால் அகலத்துக்கான 57 ஹெர்ட்ஸையும் அவை எழுப்புவதில்லை. மூலையில் ஒற்றைப் பெட்டியைத் தள்ளி வைக்கும் நம் வழக்கம் இதற்கு நேர் எதிர். மூலை என்பது எல்லா அதிர்வுகளும் உச்சத்தில் இருக்கும் இடம். அங்கே வைத்தால் எல்லாமே எழும்.

கணக்குக்கு எட்டாதவை இரண்டு உண்டு. பெட்டிகள் தரையில் இருக்கும் வரை உயரத்துக்கான 57 போகாது. நீளத்தின் இரண்டாவது அதிர்வான 82 ஹெர்ட்ஸ் இந்த ஏற்பாட்டில் இன்னும் கொழுக்கும். 82க்கு அறையின் நடுவும் உச்சம். அதாவது என் நாற்காலி. சப்வூஃபர் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே பாட வேண்டும் என்று வரம்பு கட்டும் கிராஸ்ஓவரை எல்லோரும் சொல்லும் 80இல் வைத்தபோது ஆண்குரல்கள் குடத்துக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டன. 65க்கு இறக்கியதும் தெளிந்தது. என் ஸ்பீக்கர்கள் 60 வரை தாமே இறங்குகின்றன என்பதால் முடிந்தது. உங்கள் ஸ்பீக்கர் 90இலேயே கைவிரித்துவிடும் என்றால் இது நடக்காது.

சரியாக நடுவில்தான் வைக்க வேண்டுமா? முன்பெட்டி தொலைக்காட்சிக்குக் கீழே நடுவில் நிற்கிறது. பின்பெட்டிக்குக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில் ஒரு சந்துதான் கிடைத்தது. நடுவிலிருந்து ஓரடி விலகல். அளந்து பார்த்தால் கொஞ்சம் மாறியது, காதுக்குத் தெரியவில்லை. பக்கச் சுவர்களில் வைத்திருக்கலாம்தான். ஒரு பக்கம் கதவு, மறுபக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது.

அதே நாள், பிற்பகல்

இணைப்பு பற்றிக் கேட்கிறார்கள். என் ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்கென்று தனி வாய் இல்லை. ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இரண்டு பெட்டிகளின் ஸ்பீக்கர் மட்ட உள்ளீட்டுக்கும் ஒயர் போகிறது. அந்த உள்ளீடு மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஆகவே ஆம்ப்ளிஃபயருக்குப் பாரம் கிடையாது, தடித்த ஒயரும் வேண்டாம். கதவு நிலையைச் சுற்றிப் பின்சுவர் வரை சாதாரண மெல்லிய ஒயர்தான் இழுத்திருக்கிறேன். டி வகை (கிளாஸ் டி) ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் மட்டும் நிற்கவும். பலவற்றில் கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும், அதை சப்வூஃபரின் எர்த்தோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம். முதலில் கையேட்டைப் படியுங்கள்.

சப்வூஃபர் தள்ளுவதையும் இழுப்பதையும் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை எப்படி வைப்பது? கிராஸ்ஓவர் வைத்த அதிர்வெண்ணில் ஒரே சுரத்தை ஓடவிட்டு உங்கள் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவரைச் சுவிட்சைப் புரட்டச் சொல்லுங்கள். எது உரக்கக் கேட்கிறதோ அதுவே சரி. என் நாற்காலி இரண்டு பெட்டிக்கும் சம தூரத்தில் இருப்பதால் தாமதக் கணக்கு தேவைப்படவில்லை. நீங்கள் ஒன்றுக்கு அருகில் உட்காருபவர் என்றால் 35 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி நொடி என்று வைத்து, அருகிலிருப்பதைத் தாமதப்படுத்த வேண்டும். அதற்கு மினிடிஎஸ்பி மாதிரி ஒரு கருவி இடையில் வர வேண்டும்.

ஜூலை 2, 2024

"இரண்டாவது பெட்டியைச் செருகியதும் ம்ம்ம் என்று ஒரு முனகல், பாட்டு இல்லாதபோதும்." இதே புகாரை மூவர் எழுதிவிட்டார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல் அது. முன்பெட்டி ஒரு சுவிட்ச் போர்டிலும் பின்பெட்டி வேறு போர்டிலும் எர்த் வாங்குகின்றன, சிக்னல் ஒயர் அந்த இரண்டு எர்த்தையும் இணைத்து ஒரு வளையம் ஆக்கிவிடுகிறது. ஒரே போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு இரண்டுக்கும் மின்சாரம் கொடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் மேதைகள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். முனகல் நிற்கும், உண்மை. உள்ளே மின்கசிவு வந்தால் பெட்டியின் உலோகத் தகட்டைத் தொடுபவரும் நின்றுவிடுவார். செய்யாதீர்கள்.

மின்வெட்டு நேரத்தில் மட்டும் ர்ர்ர் என்று வந்தால் அது வேறு நோய். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயர் ஓடுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போகலாம்.

ஜூலை 21, 2024, ஆடி முதல் ஞாயிறு

தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். காலையிலிருந்து என் இரண்டு பெட்டிகளுக்கும் ஓய்வு. வெளியே நிற்பவை ஆள் உயரம்.

கவனித்தேன். சவுண்ட் சர்வீஸ்காரர் பேஸ் பெட்டிகள் எல்லாவற்றையும் பந்தலின் ஒரே பக்கத்தில் ஒட்டி ஒட்டி அடுக்கியிருந்தார். மேல் ஸ்பீக்கர்கள் மட்டும் இரண்டு பக்கமும். ஏன் அண்ணா, பேஸையும் பிரித்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன். கூழை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "பிரித்து வைத்தால் நடுத்தெருவில் நிற்பவனுக்கு மட்டும் நன்றாக அடிக்கும் தம்பி. அங்கங்கே ஓரத்தில் செத்துப்போகும். ஓரத்தில் நிற்பவன்தான் வந்து சண்டை போடுவான்."

எந்த வகுப்பிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். தெருவில் கூரையும் குறுக்குச் சுவரும் இல்லை, அறையின் அதிர்வுக்கு அங்கே இடமில்லை. இருப்பது இரண்டு பெட்டிகளின் அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் தொல்லை மட்டும். ஆகவே ஒட்டி வைக்கிறார். ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்தால் 6 டெசிபெல் கூடும், வெட்டும் நடக்காது. அறைக்குள் நமக்கு அந்த 6 டெசிபெல் தேவையில்லை. பெட்டிகள் ஒன்றையொன்று எதிர்த்து அறையை அடக்கும் குணம்தான் தேவை. ஆகவே பிரித்து வைக்கிறோம். இருவருக்கும் கவலை ஒன்றே, ஓரத்தில் நிற்பவன் சண்டைக்கு வரக் கூடாது.

பரணிலிருக்கும் பித்தளை அண்டா காலையிலிருந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 11, 2024

பக்கத்து வீட்டார் விவகாரத்துக்கு வருகிறேன். பெரம்பூர்க்காரர் முதல் நாளே கேட்டது, நான்தான் சுற்றி வளைத்துவிட்டேன்.

கைப்பேசிச் செயலியில் 50 டெசிபெல்தான் காட்டுகிறது, சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 வரை போகலாம், பிறகு எதற்குக் கதவைத் தட்டுகிறார் என்று ஒருவர் வாதிடுகிறார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் பகலுக்கு 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்றுதான் இருக்கிறது. ஆனால் அது ஏ எடையிட்ட டெசிபெல். மெல்லிய ஒலியில் காது பேஸுக்கு மந்தம் என்பதால் அந்த அளவீடு 40 ஹெர்ட்ஸில் 35 டெசிபெல் அளவுக்குக் கழித்துவிட்டே காட்டும். கைப்பேசியின் மைக் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். அண்டை வீட்டாரின் கட்டில் அதிரும்போது உங்கள் கைப்பேசி 50 என்று சத்தியம் செய்யும். அந்தச் சத்தியத்தை வைத்து வாதாடாதீர்கள்.

இரண்டாவது பெட்டி வந்தபின் என் வீட்டில் நடந்தது இதுதான்: மொத்த அளவைக் குறைத்துவிட்டேன். நடுவில் பள்ளம் இல்லாததால் ஏற்ற வேண்டிய தேவை எனக்கு இல்லை, பின்சுவரில் மேடு இல்லாததால் அம்மாவுக்கும் இடி இல்லை. பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணன், பெட்டியை விற்றுவிட்டாயா என்று விசாரித்தார். இன்னொன்று வாங்கியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. உயரத்தின் 57 இன்னும் அவர் வீட்டுக்குப் போகத்தான் செய்கிறது. அதை மட்டும் ஈக்வலைசரில் வெட்டியிருக்கிறேன். அது மேடு, வெட்டலாம்.

ஆகஸ்ட் 13, 2024

இடது வலது என்று தனித்தனியாக ஸ்டீரியோ பேஸ் வேண்டாமா என்று கேட்கும் திருவொற்றியூர் அன்பருக்கு: ஆரம்பத்தில் எனக்கும் அந்த ஆசை உண்டு. 65 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஐந்து மீட்டருக்கும் மேல். என் கூடமே நாலேகால் மீட்டர். அந்த நீள அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கடினம். இசைத்தட்டுக் காலத்தில், ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளாமல் இருக்க, ஆழ்ந்த பேஸை நடுவில் ஒன்றாக்கியே வெட்டினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் பெரும்பாலான பதிவுகளில் தொடர்கிறது. இரண்டு பெட்டிக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள். எதிரெதிரே நிற்கும் பெட்டிகள் அறையை அடக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே சேதியைச் சொல்ல வேண்டும்.

அவர் ரிச்சி தெருவில் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா என்று முதலில் பாருங்கள். உங்களிடம் இருப்பது எந்த வகையோ அதே வகையாக இருக்கட்டும். இரண்டையும் கலந்தால் துளையின் அதிர்வெண்ணை ஒட்டி ஃபேஸ் பிரிந்து, ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பிறகு கூம்பின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஃபோம் என்றால் ஈரக் காற்றில் காலப்போக்கில் மக்கிவிடும். விரல் பட்டதும் பிசுபிசுத்துக் கறுப்புத் தூளாக ஒட்டினால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். கடலோரக்காரர்கள் ஆர்சிஏ எனும் சிக்னல் ஒயர் முனைகளையும் அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். உப்புக் காற்றில் களிம்பேறி கரகரப்பு வருகிறது.

ஆகஸ்ட் 18, 2024

அளப்பது பற்றி. அறையின் ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 மைக்கை நண்பரிடம் கடன் வாங்கினேன். இரவில் துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகள் ஓய்ந்த பிறகு அளந்தால்தான் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு நம்பும்படி வருகிறது. மைக்கை நாற்காலியில் மட்டும் வைத்து அளந்து மகிழாதீர்கள், கட்டில், சன்னலோரம், அடுப்படி வாசல் என்று நகர்த்துங்கள். அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே இரண்டாவது பெட்டிக்கான மதிப்பெண்.

மைக் இல்லையென்றால் பழைய வழி. சப்வூஃபரைத் தூக்கி உங்கள் நாற்காலியில் உட்கார வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே சுரங்கள் ஏற்றத்தாழ்வின்றிக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை வைக்கலாம். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தவழுங்கள்.

அக்டோபர் 15, 2024

நாளைக்குக் கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கையாம். இரண்டு பெட்டிகளும் அம்மாவின் கட்டில் மேல். அம்மா நாற்காலியில். கீழ்த்தளக்காரர்கள் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், எக்ஸ்டென்ஷன் போர்டு தரையில் கிடக்கக் கூடாது.

நவம்பர் 10, 2024

பெரம்பூர்க்காரர் எழுதியிருக்கிறார். இரண்டாவது வாங்கவில்லையாம். தவழ்ந்து பார்த்து, மூலையிலிருந்த ஒற்றைப் பெட்டியைப் பக்கச் சுவரின் நடுவுக்கு நகர்த்தி, சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்திருக்கிறார். இடி போய்விட்டது, கதவைத் தட்டுபவரும் வருவதில்லை, ஆகவே தன் முதல் கூற்றே சரி என்கிறார்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். அவர் தனியாக உட்கார்ந்து கேட்பவர். ஒரே ஒரு தலைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்றால், நகர்த்த இடமிருந்தால், ஒன்றே போதும். ஜூன் 9 குறிப்பில் இதைச் சேர்த்தே படியுங்கள். ஒரே கூடத்தில் மூவர் மூன்று இடத்தில் இருந்து, கட்டிலையும் பீரோவையும் அசைக்க முடியாத வீடுகளில்தான் இரண்டாவதற்குப் பணம் செலவழிக்க நியாயம் இருக்கிறது. பெரம்பூர்க்காரருக்குத் தையில் கல்யாணமாம். சோபாவில் இன்னொருவர் வந்து உட்கார்ந்ததும் அளந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

நவம்பர் 12, 2024

அண்டா பற்றி விசாரித்தவருக்கு: அடியில் பழைய போர்வையை மடித்து வைத்தேன். நின்றுவிட்டது. இப்போது சன்னல் கொக்கி ஆடுகிறது.